பெயரில் மட்டும் ஓஆர்எஸ்

1/ போலிச் சரக்குன்னா நமக்கு என்ன ஞாபகம் வரும்? அசல் 500 ரூபாய், போலி 100 ரூபாய். விலை குறைவு, தரம் மட்டம். ஆனா அசலை அரசாங்கம் இலவசமா குடுக்கும்போது, அதோட பேரை ஒட்டிக்கிட்ட இன்னொரு பொருளை 30, 40 ரூபாய் குடுத்து வாங்கி ஏமாந்த கதையும் நம்ம ஊர்ல பல வருஷம் நடந்துச்சு. அதைப் பத்தி ஒரு நீண்ட இழை. சின்னக் குழந்தை இருக்கற வீட்டுக்காரங்க கண்டிப்பா கடைசி வரைக்கும் படிங்க.

2/ சில வருஷம் முன்னாடி ஒரு கோடை. பெருநகர் பக்கம் ஒரு கிராமத்துல இருந்து ஒன்றரை வயசுப் பையனை அம்மாவும் பாட்டியும் தூக்கிட்டு வந்தாங்க. ரெண்டு நாளா பேதி. கண்ணு உள்ளே போயிருச்சு. வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவாத்தான் திரும்புது. அழக்கூட தெம்பில்ல. "ஓஆர்எஸ் கொடுத்தீங்களாம்மா?"ன்னு கேட்டேன். பாட்டிக்குக் கோபமே வந்துருச்சு. "நேத்துல இருந்து அதைத்தான் சார் குடுக்கறோம். ஆஸ்பத்திரி பவுடர் இல்ல. கடையில காசு குடுத்து வாங்கின நல்ல ஓஆர்எஸ்."

3/ பையிலிருந்து காலி டப்பாக்களை எடுத்துக் காட்டினாங்க. பழப் படம் போட்ட அட்டை டப்பா, ஸ்ட்ரா வச்சது. பேர்ல அந்த மூணு இங்கிலீஷ் எழுத்து பெருசா இருக்கு. திருப்பிப் பார்த்தா சர்க்கரைத் தண்ணியும் பழச்சாறும் கொஞ்சம் உப்பும். அது ஓஆர்எஸ் இல்ல. எந்தக் கம்பெனின்னு இங்க எழுதல. அந்த நேரத்துல ஒண்ணு ரெண்டு கம்பெனி இல்ல, பல கம்பெனி இதே மாதிரி வித்துட்டிருந்தாங்க.

4/ பையனுக்கு டிரிப்ஸ் போட்டு, அப்புறம் நிஜ ஓஆர்எஸ்ஸை ஸ்பூன் ஸ்பூனா குடுத்து, மறுநாள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்துட்டான். அந்த டப்பாவாலதான் பேதி கூடுச்சுன்னு ஒரு கேஸை வச்சு அடிச்சுச் சொல்ல மாட்டேன். வைரஸ் பேதி தானாவே கூடும், தானாவே குறையும். ஆனா ஒண்ணு உறுதி: மருந்து குடுக்கறோம்னு நம்பி ஒரு முழு நாள் மருந்து இல்லாமலே ஓடிப் போச்சு. ஒன்றரை வயசுக் குழந்தைக்கு ஒரு நாள் ரொம்பப் பெருசு.

5/ ஓஆர்எஸ்னா என்ன? ஒரு லிட்டர் தண்ணிக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 2000களின் தொடக்கத்துல திருத்தி அமைச்ச அளவு இது. இதுல குளுக்கோஸ் ருசிக்காக இல்ல. குடல் சுவர்ல சோடியமும் குளுக்கோஸும் ஜோடியா உள்ளே போற ஒரு வழி இருக்கு. அது ரெண்டும் போகும்போது தண்ணியும் கூடவே போகும். பேதி எவ்வளவு மோசமா இருந்தாலும் இந்த வழி பெரும்பாலும் வேலை செய்யும்.

6/ சரி, கூட கொஞ்சம் சர்க்கரை போட்டா என்ன? அங்கதான் கணக்கு தலைகீழாகுது. சர்க்கரை அதிகமானா குடலுக்குள்ள இருக்கற கரைசல் இரத்தத்தைவிட அடர்த்தியாயிரும். அப்ப தண்ணி குடல்ல இருந்து உடம்புக்குப் போறதுக்குப் பதிலா, உடம்புல இருந்து குடலுக்கு இழுக்கப்படும். பேதி கூடும். அந்த டப்பாக்கள்ல லிட்டருக்கு 100 கிராமுக்கு மேல சர்க்கரை உள்ளதும் இருந்துச்சு. 200 மில்லி டப்பாவுக்குக் கணக்குப் போட்டா 20 கிராம், கிட்டத்தட்ட நாலு டீஸ்பூன். நிஜ ஓஆர்எஸ் 200 மில்லியில குளுக்கோஸ் 2.7 கிராம்தான். உப்போ தேவையான அளவுக்கு இல்ல.

7/ இந்த ஓஆர்எஸ் எங்க இருந்து வந்துச்சுன்னும் தெரிஞ்சுக்கணும். 1971, வங்கதேசப் போர். எல்லை தாண்டி வந்த அகதிகள் முகாம்கள்ல காலரா. மேற்கு வங்கத்துல பன்காவ் என்ற ஊர்ல டாக்டர் திலீப் மஹலானபிஸ் வேலை பார்க்கறார். டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்து போகுது. உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணியைக் குடிக்கக் குடுக்கறாங்க. குடுக்கறது பயிற்சி பெற்ற நர்ஸ் மட்டுமில்ல, நோயாளிகளோட சொந்தக்காரங்களே. 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழ வந்துச்சு.

8/ இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம்னு 1978ல லான்செட் இதழ் எழுதுச்சு. மஹலானபிஸ் 2022ல காலமானார். 2023ல பத்ம விபூஷண் குடுத்தாங்க. ஓஆர்எஸ்ங்கற பேர் எந்தக் கம்பெனிக்கும் தனிச்சொத்தா ஆகல. செய்முறை உலகத்துக்கே பொது. யார் வேணும்னாலும் தயாரிக்கலாம், அளவு மட்டும் சரியா இருக்கணும். கோடிக்கணக்கான குழந்தைங்க பிழைச்சதுக்கு இந்தப் பொதுத்தன்மை ஒரு பெரிய காரணம். பேர் திருடு போனதுக்கும் அதுவே காரணமாயிருச்சு. எப்படின்னு சொல்றேன்.

9/ டிரேட்மார்க் சட்டம் வேலை செய்யற விதத்தைப் பாருங்க. உங்க பேரை மாதிரி இன்னொருத்தன் பேர் வச்சு வித்தா, நீங்க கோர்ட்டுக்குப் போகலாம். "என் பேரைக் கெடுக்கறான், என் வாடிக்கையாளரைக் குழப்பறான்"னு கேஸ் போடலாம். நடைமுறையில சட்டத்தோட இந்தக் கதவைத் தட்டறது பேருக்குச் சொந்தக்காரர்தான். ஏமாந்து வாங்கின பாட்டி அந்த வழக்குல ஒரு தரப்பே கிடையாது.

10/ மருந்துப் பேர்ல ஒரு பிரபலமான வழக்கு இருக்கு. 2001, உச்ச நீதிமன்றம். கேடிலா ஹெல்த்கேர், கேடிலா பார்மசூட்டிகல்ஸ் என்ற ரெண்டு கம்பெனி. ரெண்டும் ஒரே குழுமத்துல இருந்து பிரிஞ்சது. ஒருத்தர் மருந்து ஃபால்சிகோ, இன்னொருத்தர் மருந்து ஃபால்சிடாப். ரெண்டுமே மூளையைத் தாக்கற கடுமையான மலேரியாவுக்கு. ஆனா உள்ளே இருக்கற மருந்து வேற வேற: ஒண்ணுல ஆர்டிசுனேட், இன்னொண்ணுல மெஃப்ளோக்வின்.

11/ கீழ் நீதிமன்றங்கள் தடை குடுக்கல. உச்ச நீதிமன்றமும் நேரடியாத் தடை போடல, வழக்கை விசாரணை நீதிமன்றமே முடிக்கட்டும்னு விட்டுச்சு. ஆனா ஒரு முக்கியமான கொள்கையைச் சொல்லிச்சு. மத்த பொருள்ல பேர் குழப்பம் வந்தா பணம் போகும், மருந்துல வந்தா உயிர் போகும். அதனால மருந்துப் பேருக்குக் கண்டிப்பான அளவுகோல் வேணும். நம்ம நாட்டுல மொழிப் பிரச்சினை, நகரம் கிராமம் என்ற இடைவெளி, டாக்டர்களும் மருந்தாளுநர்களும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இல்லாத நிலை, இதையெல்லாம் கணக்குல எடுக்கணும்னு சொல்லிச்சு. படிச்சப்போ உத்திரமேரூர் தாலுகாவைப் பார்த்து எழுதின மாதிரியே இருந்துச்சு எனக்கு.

12/ அப்புறம் 2019ல மருந்து விதிகளைத் திருத்தி, புது பிராண்ட் பேருக்கு லைசென்ஸ் கேட்கும்போது "இதே பேரோ, குழப்பற மாதிரி பேரோ சந்தையில இல்லை"ன்னு உற்பத்தியாளர் உறுதிமொழி குடுக்கணும்னு கொண்டு வந்தாங்க. நல்ல விஷயம். ஆனா இது மருந்துக்கு. நம்ம பழப்பட டப்பா மருந்தே இல்லையே! அது உணவு. அதுக்கு லைசென்ஸ் குடுக்கறது எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது உணவுப் பாதுகாப்பு ஆணையம். டிரேட்மார்க் பதிவுலயும் மருந்து 5ஆம் வகுப்பு, பழச்சாறு மாதிரி பானம் 32ஆம் வகுப்பு. காகிதத்துல ரெண்டும் வேற வேற உலகம். மெடிக்கல் ஷாப் அலமாரியில ரெண்டும் பக்கத்துப் பக்கத்துல.

13/ "பொதுமக்களை ஏமாத்தற, குழப்பற பேரைப் பதிவு செய்யக் கூடாது"ன்னு 1999 டிரேட்மார்க் சட்டம் 9ஆம் பிரிவு சொல்லுது. உலக சுகாதார நிறுவனம் பொதுவா அறிவிச்ச மருந்துப் பேர்களை யாரும் தனக்குன்னு பதிவு பண்ணக் கூடாதுன்னு 13ஆம் பிரிவு சொல்லுது. ஆனா அந்தப் பட்டியல் பாராசிட்டமால் மாதிரி தனித்தனி மருந்துப் பொருளுக்கானது. ஓஆர்எஸ் ஒரு கலவை. பேரும் ஒரு சுருக்கெழுத்து. முன்னாடி பின்னாடி ஓர் எழுத்து சேர்த்தா "புதுப் பேர்" ஆயிருது. பத்திரிகையில வந்த பதிவு விண்ணப்பத்தை நாலு மாசத்துக்குள்ள யார் வேணும்னாலும் எதிர்க்கலாம்னு சட்டத்துல இடமும் இருக்கு. ஆனா டிரேட்மார்க் பத்திரிகையை எந்த டாக்டர் படிக்கறார்? நான் படிச்சதில்ல.

14/ ஒரு நிமிஷம் ஓஆர்எஸ்ஸை விட்டுட்டு நம்ம மாவட்டத்துப் பட்டுக்கு வாங்க. காஞ்சிபுரம் பட்டும் ஒருத்தருக்குச் சொந்தமான பேர் இல்ல. தலைமுறை தலைமுறையா நெய்யறவங்க எல்லாருக்கும் சொந்தம். 2005-06ல புவிசார் குறியீடு கிடைச்சுச்சு. இன்ன இடத்துல, இன்ன முறையில நெய்தாத்தான் அந்தப் பேர்னு வரையறை வந்துச்சு. அப்படியும் "காஞ்சிபுரம் மாடல்", "காஞ்சிபுரம் டிசைன்"னு விசைத்தறிச் சேலை விக்கறாங்க. அதுல முதல் அடி யாருக்கு? நாள் கணக்கா தறியில உட்கார்ந்து, அசல் சரிகை போட்டு நெய்யறவருக்கு. அவர் விலையைப் பார்த்துட்டு "பக்கத்துக் கடையில இதே காஞ்சிபுரம் பாதி விலை"ன்னு சொல்லிட்டுப் போறாங்க.

15/ பட்டுல குறைஞ்சபட்சம் பொதுப் பேருக்கு ஒரு காவல்காரன் இருக்கான். காவல் எவ்வளவு பலம்ங்கறது வேற விஷயம். பதிவு இருக்கு, வரையறை இருக்கு, கேள்வி கேட்க ஓர் அமைப்பு இருக்கு. ஓஆர்எஸ்ஸுக்கு அது இல்ல. எல்லாருக்கும் சொந்தம்னா, காவல் காக்கற வேலை யாருக்கும் சொந்தமில்லைன்னு ஆயிருச்சு.

16/ இதுல நஷ்டப்பட்டது குழந்தைங்க மட்டுமில்ல. ஒழுங்கா அளவு பார்த்து ஓஆர்எஸ் தயாரிக்கற கம்பெனிகளும்தான். அவங்க மருந்து லைசென்ஸ் வாங்கணும். இந்திய மருந்தியல் நூல் சொல்ற அளவுக்கு நிக்கணும். அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கறதால விலைக்கும் கட்டுப்பாடு உண்டு. சர்க்கரையைக் கூட்டி ருசி ஏத்த முடியாது. பக்கத்துல உட்கார்ந்திருக்கற டப்பாவுக்கு இந்த எந்தக் கட்டுப்பாடும் இல்ல, ஆனா பேர் மட்டும் அதே. உப்புக் கரிக்கற நிஜமும், இனிக்கற நகலும் ஒரே பேர்ல நின்னா ரெண்டு வயசுக் குழந்தை எதைக் கேக்கும்? கடைக்காரர் எதை எடுத்து நீட்டுவார்? ஒழுங்கா இருக்கறவனுக்கு அபராதம் போடற சந்தை இது.

17/ இதை எதிர்த்து ஒருத்தர் சுமார் எட்டு வருஷம் போராடினார். ஹைதராபாத் குழந்தைகள் நல மருத்துவர் டாக்டர் சிவரஞ்சனி சந்தோஷ். வீடியோ போட்டார், மனு எழுதினார், நீதிமன்றம் போனார். 2022 ஏப்ரல்ல எஃப்எஸ்எஸ்ஏஐ இந்தப் பானங்களைத் தடுக்கற மாதிரி உத்தரவு போட்டுச்சு. ஆனா அதே வருஷம் ஜூலையில, பேர் இருக்கலாம், "இது உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஓஆர்எஸ் அல்ல"ன்னு டப்பாவுல ஒரு வரி போட்டாப் போதும்னு தளர்த்திருச்சு. 2024லயும் அப்படியே.

18/ அந்த ஒரு வரியை யோசிச்சுப் பாருங்க. முன்னாடி பெரிய எழுத்துல ஓஆர்எஸ். இன்னொரு இடத்துல சின்ன இங்கிலீஷ்ல "இது ஓஆர்எஸ் அல்ல". ராத்திரி பத்து மணிக்கு பேதியில துவண்ட பேரனைத் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாப் கடையில நிக்கற பாட்டி அதைப் படிப்பாங்களா? படிச்சாலும் ஒரு பொருள் தன்னைத் தானே மறுக்கும்னு யாருக்குத் தோணும்?

19/ கடைசியா 2025 அக்டோபர் 14ஆம் தேதி எஃப்எஸ்எஸ்ஏஐ பழைய தளர்வுகளை வாபஸ் வாங்குச்சு. உணவுப் பொருள் எதோட பேர்லயும், முன்னாடி பின்னாடி எந்த எழுத்து சேர்த்தாலும், டிரேட்மார்க்கே ஆனாலும், ஓஆர்எஸ்ங்கற சொல் கூடாது. கம்பெனிகள் தில்லி உயர் நீதிமன்றம் போனாங்க. டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தோட வழக்குல அக்டோபர் 31 அன்னைக்கு நீதிமன்றம் தடையில தலையிட மறுத்துச்சு. பொது சுகாதாரம் பெருசுன்னு சொல்லிச்சு. அடுத்த மாசம், கடைகள்ல மிச்சம் இருக்கற சரக்கையும் எடுக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவு போச்சு.

20/ கம்பெனிகள் பக்கத்து வாதத்தையும் சொல்லணும். "இருந்த விதிப்படிதான் வித்தோம், பேரைச் சட்டப்படிதான் வச்சோம், வெயில்ல களைச்சவங்க குடிக்கற பானம்தானே, யாரும் பேதிக்குன்னு விக்கலையே." விதிப்படி வித்தாங்கங்கறது உண்மைதான். அதனாலதான் இதைப் போலின்னு சட்ட அர்த்தத்துல சொல்ல முடியாது. களைப்புக்கு ஜூஸ் விக்கறதுலயும் தப்பில்ல. அப்ப ஜூஸ்னே பேர் வச்சு விக்கலாமே? அந்த மூணு எழுத்து எதுக்குத் தேவைப்பட்டுச்சு? அந்த எழுத்துக்குப் பின்னாடி ஐம்பது வருஷத்து நம்பிக்கை இருக்கு. அந்த நம்பிக்கையை உண்டாக்கினது பன்காவ் முகாமும், ஒவ்வொரு கிராம சுகாதார செவிலியரும், அங்கன்வாடி டீச்சரும். விளம்பரச் செலவே இல்லாம அதை எடுத்துக்கிட்டாங்க.

21/ எங்க பக்கத்துத் தப்பையும் ஒத்துக்கணும். பாட்டி சொன்ன "ஆஸ்பத்திரி பவுடர் இல்ல, நல்லது"ங்கற வார்த்தை என் மனசுல இருந்து போகல. இலவசம்னா மட்டம்னு மக்கள் நினைக்கறாங்கன்னா, அதுல நாங்க பாக்கெட்டைக் கையில திணிச்சு "கலக்கிக் குடு"ன்னு ஒரு வார்த்தையில அனுப்பினதும் ஒரு காரணம். எப்படிக் கலக்கணும், ஏன் உப்புக் கரிக்குது, எது அசல்னு உட்கார வச்சுச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகும். ஓபியில 150 பேர் நிக்கும்போது அந்த ரெண்டு நிமிஷம்தான் முதல்ல காணாமப் போகுது.

22/ என் கருத்து இதுதான். இப்ப வந்திருக்கறது ஓர் ஆணையத்தோட உத்தரவு. 2022ல போட்டதை மூணே மாசத்துல தளர்த்தின மாதிரி இதையும் நாளைக்குத் தளர்த்தலாம். ஓஆர்எஸ் மாதிரி உயிர் காக்கற பொதுப் பெயர்களை, தனியாவோ வேற எழுத்தோட சேர்த்தோ, எந்த வகுப்புலயும் யாரும் டிரேட்மார்க்கா பதிய முடியாதுன்னு சட்டத்துலயே எழுதணும். ஏற்கெனவே பதிஞ்சதை நீக்கணும். மீறினா கேஸ் போடற பொறுப்பு சுகாதாரத் துறைக்கு இருக்கணும். கம்பெனியோட பேருக்குக் காவல் இருக்கும்போது, குழந்தைங்களோட மருந்துப் பேருக்கும் ஒரு காவல் இருக்க வேண்டாமா?

23/ இப்ப நீங்க செய்ய வேண்டியது. பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருந்தா அது உணவு, மருந்து இல்ல. மருந்து தயாரிப்பு லைசென்ஸ் எண்ணும், ஓஆர்எஸ்ங்கற பேர் பக்கத்துல ஐ.பி.ங்கற எழுத்தும், மேல 5/ல சொன்ன நாலு பொருளும் இருக்கணும். குழப்பமா இருந்தா பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயோ, சுகாதார செவிலியர்கிட்டயோ கேளுங்க. இலவசமாவே தருவாங்க.

24/ பெரிய பாக்கெட்டுன்னா காய்ச்சி ஆறவச்ச ஒரு லிட்டர் தண்ணியில முழுசையும் கலக்கணும். ஒரு டம்ளர்ல ஒரு லிட்டர் பாக்கெட்டைக் கொட்டறது ஆபத்து. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் உண்டு, அதனால அளவைப் படிச்சுட்டுக் கலக்குங்க. கூட சர்க்கரை, ஜூஸ் எதுவும் வேண்டாம். 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. ரெண்டு வயசுக்குக் கீழ இருந்தா ஒவ்வொரு தடவை பேதி போனதும் 50 முதல் 100 மில்லி, அதுக்கு மேல இருந்தா 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து ஸ்பூன்ல மெதுவா. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. துத்தநாக மாத்திரையை டாக்டர் சொன்னபடி 14 நாள் குடுங்க, பேதி நின்னாலும்.

25/ குழந்தை துவண்டு போனா, எதுவும் குடிக்க முடியலன்னா, மலத்துல இரத்தம் இருந்தா, ஆறு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலன்னா, வீட்டு வைத்தியத்தை விட்டுட்டு உடனே ஆஸ்பத்திரி வாங்க. ராத்திரியா இருந்தாலும் வாங்க. 108 இருக்கு.

26/ அந்தப் பையன் டிஸ்சார்ஜ் ஆகறப்போ பாட்டிகிட்ட நாலு பாக்கெட் குடுத்து, பக்கத்துல உட்கார்ந்து, ஒரு லிட்டர் தண்ணி பாட்டில்ல ஒண்ணைக் கலக்கிக் காட்டினேன். ஒரு வாய் குடிச்சுப் பார்த்துட்டு முகத்தைச் சுளிச்சாங்க. "இது நல்லாவே இல்லையே சார்." "இப்படித்தான் இருக்கும் பாட்டிம்மா, இனிச்சா சந்தேகப்படுங்க"ன்னு சொன்னேன். உங்க வீட்டுப் பாட்டிங்களுக்கும் இதை மறக்காம சொல்லிடுங்க.